எல்லாரும் பிளாட்பாரத்துக்கு வரணும்!

திண்டுக்கல்லில் பெரிய மனிதர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அவர்களுக்குப் பின்னால் கார் வரும், கொடி வரும், கூட்டம் வரும். ஆனால் ஒரு டவுன் பஸ்ஸையே தனக்குப் பின்னால் நடக்க வைத்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் நடுரோட்டு பாய்.

சொந்தப் பெயர் என்று ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். எங்கள் கடைத்தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே அவருடைய செருப்புக் கடை. காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வீட்டிலிருந்து கிளம்பி, ரோட்டுக்கு நட்ட நடுவே, குதிரை ஒன்றுதான் குறை என்கிற மாதிரி மாப்பிள்ளை நடை நடந்து கடைக்கு வருவார். பின்னால் ஆட்டோ, பைக், ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி ஏற்றி வந்த மினி லாரி எல்லாம் ஹாரன் அடித்துத் தொண்டை வற்றிப்போய் ஊர்ந்து வரும்.

"யோவ் பெருசு, ஓரமாப் போய்யா!"

பாய் நிதானமாகத் திரும்புவார். "போறேன்ப்பா. எந்த ஓரம்? காட்டு."

இந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் விடை கிடையாது. பிளாட்பாரம் என்று ஒன்று எந்தக் காலத்திலோ போட்டிருக்கிறார்கள். அதன் மேல் இப்போது டீக்கடை பெஞ்சு, டிரான்ஸ்பார்மர், வரிசையாக பைக்குகள், கடைக்காரர்கள் ஆளாளுக்கு நீட்டிக் கட்டிய படிக்கட்டுகள், பிரியாணி பார்சலுக்கு நிற்கிற ஜனம். மலைக்கோட்டையில் ஏறி இறங்கிவிடலாம். எங்கள் தெருவில் ஓரமாக நடந்து மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தவர் கிடையாது.

ஒருநாள் டவுன் பஸ் டிரைவர் ஒருவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாங்க, ஓரம் எங்க இருக்குன்னு நான் காட்டுறேன்" என்று இறங்கி வந்து, பாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டீக்கடை பெஞ்சில் முட்டி இடித்தது. பைக் சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டது. கிளாஸ் கழுவிய தண்ணீர் காக்கிச் சட்டையில் விழுந்தது. டிரைவர் அங்கேயே நின்று முன்னும் பின்னும் பார்த்தார்.

"பாய், நீங்க நடுவுலயே போங்க. நான் பின்னாடியே வாரேன்."

சொன்ன மாதிரியே வந்தார். பஸ்ஸில் இருந்த ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. என் கடை வாசலில் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்தபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது.

வீம்பு பிடித்த மனிதர் என்பீர்கள். வீம்புதான். ஆனால் எதற்காக என்று தெருவுக்கே தெரியும். அவருடைய மனைவியை நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுவோம். டீக்கடை பெஞ்சைச் சுற்றிப் போவதற்காக ரோட்டில் இறங்கியவரை ஒரு பைக் இடித்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பிறகு எலும்பு கூடிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நடக்கிறார், வீட்டுக்குள். வாசலைத் தாண்டினால் வாக்கரின் நாலு காலையும் ஊன்ற இடமில்லை.

பாயம்மாவுடைய தங்கை வீடு இதே தெருவின் மறுகோடியில்தான். இங்கே தாளித்தால் அங்கே தும்மல் வரும். தங்கைக்குப் பார்வை மங்கல். கண்ணாடி போட்டுக்கொடுத்தவன் நான், அந்தக் கண்ணின் லட்சணம் எனக்குத் தெரியும். அவரைத் தனியாக இந்த ரோட்டில் விட முடியாது. ஆட்டோவைக் கூப்பிட்டால், "இந்தா இருக்கிற எடத்துக்கு எதுக்கும்மா ஆட்டோ, செத்த நடந்து போங்க" என்பார்கள். ஆகவே அக்காவும் தங்கையும் துபாய்க்குப் பேசுகிற மாதிரி போனில் கத்திப் பேசிக்கொள்வார்கள்.

"அவ நடக்க எடம் வர்ற வரைக்கும் நானும் நடுவுலதான் நடப்பேன்" என்று பாய் சொல்லிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் தெருவுக்கு மாநகராட்சித் திட்டம் ஒன்று வந்தது. ரோட்டைக் குறுக்கி, இரண்டு பக்கமும் பிளாட்பாரத்தை அகலமாக்குவது. கடைக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டை எடுக்கச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் திட்டம் வேறு தெருவுக்குப் போய்விடும். இதைச் சொல்ல ஒரு சின்ன வயது இன்ஜினியரம்மா வந்திருந்தார். கல்யாண மண்டபத்தில் கூட்டம்.

பூட்டுக் கடை அண்ணாச்சி முதல் ஆளாக எழுந்தார். "ஊரெல்லாம் ரோட்ட அகலமாக்குறான். இவுக குறுக்குறாகளாம்! வண்டி நிக்க எடமில்லேன்னா யாவாரம் ஏது? அம்புட்டுப் பேரும் குடும்பத்தோட பிளாட்பாரத்துக்கு வந்துற வேண்டியதுதான்!"

நம் ஊரில் ஒருவன் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டான் என்றால் வீடு வாசல் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜினியரம்மாவுக்கு இருந்த உற்சாகத்தில் அது உறைக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்து மைக்கைப் பிடித்தார்.

"கரெக்ட் சார்! நீங்க எல்லாரும் குடும்பத்தோட பிளாட்பாரத்துக்கு வரணும். அதுதான் எங்க ஆசையே!"

மண்டபம் இரண்டுபட்டது. "பாத்தீகளா, அந்தம்மா வாயாலயே வந்துருச்சு!" என்று அண்ணாச்சி துண்டை உதறினார். நாற்காலிகள் சாய்ந்தன. திட்டம் அன்றோடு போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது பாய் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"ஆமாய்யா! எல்லாரும் பிளாட்பாரத்துக்கு வரணும்! எம் பொண்டாட்டி பிளாட்பாரத்துக்கு வரணும்னு அஞ்சு வேளையும் அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டிருக்கேன்!"

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. மனைவி பிளாட்பாரத்துக்கு வர வேண்டும் என்று ஆண்டவனிடம் மன்றாடுகிற புருஷனை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? அண்ணாச்சிகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு அடங்கியபோது ஒவ்வொருவருக்கும் பாயம்மா ஞாபகம் வந்திருக்க வேண்டும். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரி பாய், படிக்கட்ட மொதல்ல யாரு இடிக்கிறது?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நாந்தான்."

தெருவிலேயே அழகான படிக்கட்டு அவருடையதுதான். அவருடைய அத்தா, அதாவது அப்பா, பச்சை மொசைக்கில் ஆசை ஆசையாகக் கட்டியது. மறுநாள் காலையில் பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை ஓங்கினார். இரண்டு போடு போட்டதும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். களைப்பா, அத்தா நினைப்பா என்று தெரியவில்லை. எதிர்த்துப் பேசிய அண்ணாச்சியே வந்து, "தள்ளுங்க பாய்" என்று கடப்பாரையை வாங்கினார். பிறகு அண்ணாச்சியின் படிக்கட்டுக்கும் அதே கடப்பாரை போனது.

படி போனதால் செருப்புக் கடை உயரத்தில் தொங்கியது. வாடிக்கையாளர்களைப் பாய் கை கொடுத்து மேலே தூக்குவார். பழனிப் பக்கத்துக் கீரனூரிலிருந்து வந்த கனத்த மனிதர் ஒருவர் பாதியில் நின்றுகொண்டு, "ஏனுங்க பாய், நான் செருப்பு வாங்க வந்தனுங்க. மலையேற வரலீங்க" என்றார்.

புது பிளாட்பாரம் அகலமாக, பளபளவென்று வந்து சேர்ந்தது. அடுத்த நாளே அதன் மேல் வரிசையாக பைக்குகள் ஏறி நின்றன. நம் ஊராயிற்றே! பாய் சண்டை போடவில்லை. பைக்கை நிறுத்துகிறவரை, "வாங்க தம்பி, புது மாடல் வந்திருக்கு" என்று கையைப் பிடித்துக் கடைக்குள் ஏற்றி உட்கார வைப்பார். அளவு பார்ப்பதற்காக இடது கால் செருப்பை மட்டும் கழற்றி வாங்குவார். வாங்கியதைப் பின்னால் மறைத்துக்கொள்வார்.

"பாய், என் செருப்பு?"

"வண்டிய எடுங்க, தாரேன்."

ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி பைக்கை உருட்டிக்கொண்டு போனவர்களில் வக்கீல் உண்டு, வாத்தியார் உண்டு, ஒரு போலீஸ்காரரும் உண்டு. கொஞ்ச நாளில் பிளாட்பாரம் சுத்தமாகிவிட்டது. பாயம்மாவுக்கு ஏற இறங்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அவர் வீட்டு வாசலை ஒட்டிச் சரிவு மட்டும் இன்ஜினியரம்மாவே பக்கத்தில் நின்று போட வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு, பாயம்மா வாக்கரோடு வெளியே வந்தார். தெருவே வேலையை விட்டுவிட்டு நின்றது. டீக்கடைக்காரர் ஆற்றிய டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பாய் மனைவியைத் தாங்கிப் பிடிக்கவில்லை, ஒரு எட்டு பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். மறுகோடியில் தங்கை வாசலில் இறங்கி நின்று, வருவது யார் என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். வாக்கர் சத்தம் கிட்டே வந்ததும்தான் புரிந்தது.

"லாத்தா! நீ நடந்தா வார?"

"நடந்துதாண்டி வாரேன். ஒலையில அரிசியப் போடு."

கொஞ்ச நேரம் கழித்து பாய் மட்டும் என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"ஒண்ணும் சரியாத் தெரியல. அழுக்காயிருக்கு போல. செத்த தொடச்சுக் குடுங்க."

வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.