எல்டன் பேரில் ஓர் அர்ச்சனை

திருவண்ணாமலையில் 'தீர்ப்பு' சார் அளவுக்கு ஆட்களைக் கொன்றவர் எவருமில்லை. கொன்றதெல்லாம் கதாநாயகர்களை என்பதால் போலீஸ் வரவில்லை. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்று, செங்கம் ரோட்டில் வாடகை நூலகம் வைத்திருந்தார். எந்த நாவலை எடுத்தாலும், கடைசியில் இவன் செத்துவிடுவான் என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்.

2004, ஆனி மாதம். (ஆடி என்று சொல்பவர்கள் உண்டு, தவறு.) தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பெண் நான்கு ஆங்கில நாவல்களை அவரிடம் விட்டுப் போனாள். கதாநாயகன் எல்டன் என்று ஒரு பையன். தாய் தகப்பன் இல்லை. பௌர்ணமி வந்தால் ஓநாயாகிவிடுவான்; வெள்ளித் தோட்டாவால்தான் அவனைக் கொல்ல முடியும். இரண்டே மாதத்தில் நூலகமே எல்டன் பைத்தியமானது. ஐந்தாவது, கடைசிப் பாகம் அப்போது வெளிவந்திருக்கவில்லை.

தினமும் சாயங்காலம் விவாதம். தன்னைத் துரத்தும் வேட்டைக்காரனின் மகளையே எல்டன் கட்டிக்கொள்வான் என்றாள் கல்லூரி மாணவி வினோதினி. சாபம் நீங்கிவிடும் என்று, நாற்பது வயதான நான், பக்க எண்ணோடு வாதாடினேன். தீர்ப்பு சார் இருவரையும் தள்ளுபடி செய்தார்.

"வெள்ளித் தோட்டா. நெஞ்சுல. அப்பீலே கிடையாது."

"நாலு பாகத்துக்கும் இதையேதான் சொன்னீங்க. உங்க வாயில நல்லதே வராதா சார்?" என்ற வினோதினி, ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

மார்கழியில் ஒரு காலை, பெரிய கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு எனக்கு முன்னால் தீர்ப்பு சார் நின்றிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. குருக்கள் பெயர் கேட்டார்.

"எல்டன்."

எங்கள் ஊர்க் குருக்களுக்கு வெளிநாட்டுப் பெயர் புதிதல்ல. நட்சத்திரம் கேட்டார்.

"தெரியலைங்க. அம்மா இல்லாத பையன். பௌர்ணமின்னா உடம்பு ஜாஸ்தி முடியாம போயிடுது."

"சுவாமி பேர்லயே பண்ணிடறேன். வர்ற பௌர்ணமிக்குக் கிரிவலம் சுத்தச் சொல்லுங்கோ, சரியாயிடும்."

"அன்னிக்கு மட்டும் அவனை வெளிய விடமுடியாதுங்க" என்றார், உண்மையான கவலையோடு.

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

தையில் கடைசிப் பாகம் சென்னையிலிருந்து பார்சலில் வந்தது. முதலில் நானே படிப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். சாப்பிடப் போகவில்லை. நாங்கள் புத்தகத்தை விட்டுவிட்டு அவர் முகத்தையே படித்துக்கொண்டிருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் மூடி வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொழைச்சிக்கிட்டான்."

கதையின் முடிவைச் சொல்லிவிட்டாரே என்று யாருக்கும் கோபம் வரவில்லை. வினோதினி அழுதுகொண்டே சிரித்தாள். அவர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

ஆனால் அந்தப் புத்தகத்தை மட்டும் ஒரு வாரம் யாருக்கும் வாடகைக்குத் தரவில்லை. கேட்டபோது, "பையன் ரொம்ப அடிபட்டு வந்திருக்கான். கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.