பள்ளத்தெருவின் முதல் தொடர்பாளர்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீயும் மாமாவும் உடம்பு, மனசு இரண்டிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் கடிதம் கிடைத்தது. பத்திரிகையில் வந்த என் படத்தை மாமா கத்தரித்து, கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாகவும், வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதன் எதிரே நிறுத்திவிட்டுத்தான் உட்காரச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அக்கா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதைக் கழற்றிவிடு. ஆணி சரியில்லை என்று சொல். சுவரில் ஈரம் இறங்குகிறது என்று சொல். மாமா ஏன் எதற்கு என்று குடைவார். அப்போதும் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடாதே. நீ மட்டும் படி, படித்துவிட்டு என்னைத் திட்டு, திட்டி முடித்ததும் பதில் எழுது.

மாவட்ட அலுவலகத்தில் உனக்கு என்னதான் வேலை என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். நானும் "பேரிடர்த் திட்டம்" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் சொன்னால் உனக்குப் புரியாது என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். புரியாமல் போக அதில் ஒன்றுமில்லை. வெள்ளம், தீ, புயல், எது வந்தாலும் யாருக்குச் சொல்ல வேண்டும், யார் எங்கே ஓட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு புத்தகம். ஏழு வருஷமாக அது என் பொறுப்பு. அதில் நான் எழுதியது எது என்று கேட்டால், அட்டையில் இருக்கும் வருஷம். மற்றதெல்லாம் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. அவரும் யாரைப் பார்த்து எழுதினாரோ, தொண்ணூறாம் பக்கத்தில் "படகுகளுக்கு இணைப்பு நான்கைப் பார்க்கவும்" என்றிருக்கும். இணைப்பு நான்கைப் புரட்டினால் "தொண்ணூறாம் பக்கத்தைப் பார்க்கவும்" என்றிருக்கும். கடைசியில் ஒரு பட்டியல். தெருவுக்கு ஒரு தொடர்பாளர், அதாவது நாம் தகவல் சொன்னால் வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கு ஒப்புக்கொண்ட தெருக்காரர். நூற்று நாற்பத்து மூன்று பேர், அவர்களுடைய போன் நம்பர். அதன் அடியில் "எல்லா எண்களும் நேரில் சரிபார்க்கப்பட்டன" என்று ஒரு வரி. அந்த வரிக்கு அடியில், வருஷம் தவறாமல், பச்சை மையில் என் கையெழுத்து. ஒரு நம்பரைக்கூட நான் கூப்பிட்டுப் பார்த்ததில்லை அக்கா.

வெள்ளம் வந்த அன்றைக்குப் புதன்கிழமை. மூன்று நாள் மழை. காலை பதினொன்றே முக்காலுக்கு மேலே அணையிலிருந்து போன் வருகிறது: மதகைத் திறக்கப் போகிறோம், ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் பள்ளத்தெருவுக்கு வந்துவிடும், ஆட்களை வெளியேற்றுங்கள். புத்தகத்தைப் புரட்டினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் ஏழு வருஷம் அந்த நாற்காலியைத் தேய்த்தவனாயிற்றே, எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சைரன்!" என்றேன். சரியாகப் பன்னிரண்டு அடிக்கும்போது சைரன் பிரமாதமாக ஊதியது. பள்ளத்தெருவில் ஒரு ஈ காக்கை அசையவில்லை. ஏன் தெரியுமா? வாரா வாரம் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சோதனைக்காக ஊதச் சொல்லி உத்தரவு போட்டவனே நான்தான். ஜனங்கள் சைரனைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபண்ணிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் விடாமல் இன்னொரு தடவை ஊதச் சொன்னேன். "இன்னிக்கு என்னடா ரெண்டு தடவை ஊதறான், மறந்துட்டான் போல" என்று யாரோ சொன்னார்களாம், பிற்பாடு தெரிந்தது. சரி, ரப்பர் படகை அனுப்பலாம் என்றால், படகு இருக்கிறது, அதற்குக் காற்றடிக்கிற பம்பு பூட்டின அறையில் இருக்கிறது, சாவி பண்டகக் காப்பாளரிடம் இருக்கிறது, பண்டகக் காப்பாளர் பக்கத்து மாவட்டத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருக்கிறார். என்ன பயிற்சி என்று கேட்காதே. பேரிடரை எதிர்கொள்வது எப்படி என்கிற பயிற்சி. அனுப்பி வைத்தது நான்.

கட்டுப்பாட்டு அறை என்று வாசலில் பலகை தொங்கும் அந்த அறையில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே மூன்று போன் உண்டு, அதில் ஒன்றுதான் பேசும். அதை எடுத்துப் பட்டியலைப் பார்த்து, பள்ளத்தெருவின் தொடர்பாளருக்குப் போட்டேன். குழாய் வேலை செய்கிறவர் என்று போட்டிருந்தது. எடுத்தது ஒரு பெண் குரல். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். அன்றைக்கு நான் பேசியதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். நீயாவது தெரிந்துகொள், உன் தம்பி எப்படிப்பட்டவன் என்று.

"அவர் இருக்காரா?"

"இல்லையே சார். யாரு பேசறது?"

"மாவட்ட ஆபீஸ்லேந்து. எங்க போயிருக்காரு? மழையில ஒரு பொறுப்புள்ள ஆளு வீட்ல இருக்க வேணாமா?"

அந்தப் பக்கம் மிஷின் நின்றது. "என்ன விஷயம் சார், எங்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அணை, ஒன்றரை மணி நேரம், எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, "அவர் வந்ததும் உடனே சொல்லிடுங்க, மறந்துடாதீங்க" என்றேன்.

"சரி சார்," என்று போனை வைத்துவிட்டார்கள்.

தண்ணீர் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே வந்துவிட்டது. பள்ளத்தெருவில் ஜன்னல் உயரம். அறுபத்து மூன்று வீடு. நான் தீயணைப்பு வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, எத்தனை பேரைத் தூக்க வேண்டியிருக்குமோ என்று தெருவை எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் கட்டைபோல் தூங்குகிற நர்ஸ், காது சுத்தமாகக் கேட்காத கடிகாரக்காரர், பிள்ளை பெற்று ஒன்பதே நாளான பெண், ஒருத்தர் விடாமல். நான் உள்ளே நுழைந்ததும் அங்கே வந்திருந்த பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். "எப்படி சார் இவ்வளவு கச்சிதமா முடிஞ்சுது?" என்று கேட்டார். நான் சொன்னேன், "திட்டமிடல்." அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன் அக்கா. அதைத்தான் இப்போது உன் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறீர்கள்.

எட்டு நாள் கழித்துப் பாராட்டு விழா. கூட்டம் நிறையவேண்டுமே என்று பட்டியலில் உள்ள தொடர்பாளர்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு அனுப்பச் சொன்னேன். தலைமை அதிகாரி மேடம் என் தோளில் துண்டு போட்டு, சான்றிதழ் கொடுத்து, "ஒரு காகிதத் திட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்" என்று பேசினார்கள். நான் தலையைக் குனிந்தபடி அடக்கமாக நின்றேன். நாலாவது வரிசையில் ஒரு அம்மா, கழுத்தில் அளவெடுக்கிற டேப்பைக்கூட எடுக்காமல் வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவர்கள், கைதட்டிக்கொண்டிருந்தார்கள். விழா முடிந்து வாசலில் என் எதிரே வந்து, "சார், நான் பள்ளத்தெரு. அவருக்கு வந்த அழைப்பு, அதான் நான் வந்தேன்" என்று அட்டையைக் காட்டினார்கள். குரலைக் கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அவர் வரலியா?" என்று கேட்டேன். கேட்டேன் அக்கா, இரண்டாவது தடவையும் கேட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "சார், அவங்க வீட்டுக்காரர் போயி நாலு வருஷம் ஆச்சு" என்றாள்.

மறுநாள் சேதக் கணக்கெடுப்பு என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் மார்புக்கு இருந்தது. மூன்று தையல் மிஷினும் சேற்றில் முங்கி, பிரித்துப் போட்ட பாகங்கள் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக்கொண்டிருந்தன. தெருவெல்லாம் தட்டி எழுப்பின நேரத்தில் ஒரு மிஷினையாவது மேலே ஏற்றியிருக்கலாம், ஏற்றவில்லை. ஒரே ஒரு நாற்காலிதான் காய்ந்திருந்தது, அதை எனக்குப் போட்டார்கள். நான் உட்கார முடியாமல் நின்றபடியே கேட்டேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா, அவர் இல்லைன்னு?"

"சொன்னா நீங்க அய்யோம்பீங்க. எப்போன்னு கேப்பீங்க, என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. நானும் அழுவேன். அஞ்சு நிமிஷம் போயிடும். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு நடக்கவே பத்து நிமிஷம் வேணும் சார்."

"எல்லா வீட்டுக்கும் நீங்களே போனீங்களா? யார் யார் உள்ள இருக்காங்கன்னு எப்படித் தெரியும்?"

"அளவெடுத்த வீடுதானே எல்லாம்," என்றார்கள், நான் என்னவோ கேட்கக் கூடாத கேள்வி கேட்டதுபோல. "எந்த வீட்ல எத்தனை பேரு, யாரு எந்நேரம் தூங்குவாங்க, யாருக்குக் கால் வலி, எல்லாம் தெரியாமத் துணி தைக்க முடியுமா?"

என் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் இதில் ஒரு வரி கிடையாது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து, நனையாமல் தப்பித்த ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார்கள். உள்ளே எங்கள் அலுவலகக் கடிதங்கள். இறந்துபோன மனிதருக்கு வருஷா வருஷம் நான் அனுப்பிய புத்தாண்டு வாழ்த்து. அப்புறம் விளக்கம் கேட்டு மூன்று கடிதங்கள்: "தாங்கள் ஒத்திகைக்கு வரத் தவறியதற்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்." மூன்றாவதில் "இதுவே இறுதி எச்சரிக்கை" என்று நான் கைப்பட அடிக்கோடு போட்டிருக்கிறேன். "மொதல் வருஷமே பதில் போட்டேனே சார், வரலியா?" என்று கேட்டார்கள். தபாலில் தவறியிருக்கும் என்று சொன்னேன். அலுவலகத்துக்கு வந்து தேடினேன். தவறவில்லை. "என் கணவர் சென்ற மாதம் காலமாகிவிட்டார். அவர் வேலையை நான் பார்க்கத் தயார். பெயரை மாற்றிக்கொள்ளவும்" என்று முத்து முத்தான கையெழுத்து. முடிக்கப்பட்டவை என்கிற கோப்பில் பத்திரமாக இருந்தது. மேல் ஓரத்தில் பச்சை மையில் "பார்த்தேன்" என்று எழுதியிருந்தது. பார்த்தவன் உன் தம்பி.

கிளம்பும்போது, நான் என்ன செய்யட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். மிஷினைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். "பட்டியல்ல என் பேரைப் போட்டுடுங்க சார். அடுத்த தடவை போன் வந்தா, அவரைக் கேட்டா எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

பெயரை மாற்ற ஒரு படிவம் இருக்கிறது. தலைமை அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதில் "மாற்றத்துக்கான காரணம்" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதினால் என் சான்றிதழ் அதே நிமிஷம் செல்லாக்காசு. மூன்று நாளாக அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அவளுக்கு விஷயம் தெரியாது. விழாவில் போட்ட துண்டை மடித்து மடித்து வைக்கிறாள், பார்க்கவே கூசுகிறது. ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் அக்கா. நாளைக் காலை பத்து மணிக்கு மேடம் அறைக்குப் போய், சான்றிதழை மேஜைமேல் வைத்து, இது அந்தத் தையற்கார அம்மாவுக்குச் சேர வேண்டியது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். வேலை போனாலும் போகட்டும், இனி எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பேன். உன் தம்பி கோழை இல்லை என்று நீ தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. என் ஆசிக்கு இப்போது எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவும். நீங்கள் எல்லோரும் மேடான இடத்தில் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று பத்து மணிக்கு மேடம் அறைக்குப் போனேன். "வாங்க, நம்ம ஹீரோ!" என்று எழுந்து நின்றார்கள். எதிரே வேறு இரண்டு மாவட்டத்து அதிகாரிகள், என்னைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள். "என்ன விஷயம், சொல்லுங்க" என்றார்கள். நான், "ரெண்டு நாள் லீவு வேணும் மேடம்" என்றேன். "தாராளமா எடுத்துக்குங்க, உழைச்சிருக்கீங்க" என்றார்கள். ஆகவே மேலே கடைசிக்கு முந்தின பத்தியில் உள்ள வீரமெல்லாம் ரத்து. கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். நீ ஒருத்தியாவது படித்துவைத்தால் எனக்கு வேறு வழியிருக்காது என்றுதான் அனுப்புகிறேன். லீவை எடுத்துக்கொண்டு பட்டியலில் உள்ள வீடுகளுக்கு நடந்துபோய்க்கொண்டிருக்கிறேன். மதியத்துக்குள் ஒன்பது பேரைத் தேடினேன். ஒருவருக்குத் தான் தொடர்பாளர் என்பதே தெரியாது. இரண்டு பேர் ஊரிலேயே இல்லை. ஒருவர் வீடு இருந்த இடத்தில் பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பள்ளத்தெருவுக்கு நேராக அந்த அம்மாவின் பெயரைப் பென்சிலில் எழுதிவிட்டேன். பேனாவால் எழுத மேடத்திடம் பேசியாக வேண்டும். திங்கட்கிழமை கட்டாயம் பேசிவிடுவேன். எந்தத் திங்கட்கிழமை என்று மட்டும் கேட்காதே.