துண்டுக்குள் பேசிய விலை

துண்டுக்குள் முஹ்யித்தீன் பாயின் கை நல்லக்கண்ணுவின் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தது. ஒரு அழுத்து. பிறகு சுண்டுவிரல் நுனியில் ஒரு கிள்ளு. கடைசியாக உள்ளங்கையில் நகத்தால் ஒரு கோடு.

“சரிதானே அண்ணாச்சி?”

“சரி பாய்.”

ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்து, உப்பு லாரிகள் நிற்கிற இடம் வரைக்கும் நடந்த பிறகுதான் நல்லக்கண்ணுவுக்கு உறைத்தது. எதற்குச் சரி சொன்னோம்? ஐம்பதுக்கா, ஐந்நூறுக்கா?

தூத்துக்குடியில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தத் துண்டு புதிதில்லை. பாயின் வாப்பா காயல்பட்டினத்து முத்து வியாபாரி. சுற்றிலும் ஆட்கள் நிற்க, துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டே விலை பேசி முடித்தவர். முத்துக்குளிப்பு நின்று போய் வருசங்களாகிவிட்டன. மகன் மெக்கானிக் ஆகிவிட்டார். ஆனாலும் துண்டை மட்டும் விடவில்லை. கிளட்ச் மாற்றினாலும் சரி, கார்புரேட்டரைக் கழுவினாலும் சரி, விலை துண்டுக்குள்தான்.

எனக்கு விரல் கணக்கு தெரியாது பாய் என்று நல்லக்கண்ணு சொல்லியிருக்கலாம். ஆனால் பாய் துண்டை விரிக்கும்போதே அவர் வாய் முந்திக்கொண்டது.

“எங்கப்பா முத்து ஏலத்துல தரகரா நின்னவுக பாய். இந்த விரல் கணக்கெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.”

அதைக் கேட்டதும் பாயின் முகம் ஏனோ ஒரு மாதிரி ஆனது. விரித்த துண்டை மடிக்கப் போனவர், யோசித்து, மறுபடியும் விரித்தார்.

உண்மையில் நல்லக்கண்ணுவின் அப்பா தரகருக்குக் குடை பிடித்தவர். துண்டுக்கு வெளியேதான் நின்றார்.

காரும் அப்படி ஒன்றும் பெரிய கார் இல்லை. பெட்ரோல் விலை ஏறின கையோடு, மாற்றலாகிப் போன மேனேஜர் தன் ஷிப்பிங் ஆபீஸ் கிளார்க்கான நல்லக்கண்ணுவின் தலையில் கட்டிவிட்டுப் போன கிழட்டு வண்டி. ஸ்டார்ட் ஆகும், இருமும், நின்றுவிடும். ஆனால் இப்போது அது ஓடியாக வேண்டும். மகள் சந்தனமாரிக்கு ஏழாம் மாசம். வெள்ளிக்கிழமை குலசேகரன்பட்டினத்தில் வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அன்றைக்கு முகூர்த்த நாள். ஊரில் உள்ள டாக்ஸி எல்லாம் கல்யாணத்துக்குப் பேசியாகிவிட்டது.

சம்பந்தி ஆறுமுகநயினார் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். “பஸ்ல குலுங்கக் குலுங்க அனுப்ப மாட்டேன். கார் வந்தா பொண்ணு வரும். இல்லைன்னா பிரசவம் இங்கனதான்.”

வீட்டுக்கு வந்ததும் சங்கரம்மாள் கேட்டாள். “எவ்வளவு கேக்காரு?”

“நியாயமாத்தான் கேக்காரு.”

“நியாயம்னா எவ்வளவு?”

“துண்டுக்குள்ள பேசினதை வெளிய சொல்லப்படாது ளா.”

“பொண்டாட்டிகிட்டயுமா?”

நல்லக்கண்ணு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அவள் முந்தானைக்கு அடியில் கையை விட்டு, பாய் பிடித்தது போலவே இரண்டு விரலைப் பிடித்தார். அழுத்தினார். கிள்ளினார். கோடு போட்டார்.

“ஏதாவது தெரியுதா?”

“தெரியுது. கல்யாணத்தன்னைக்குப் புடிச்ச கையி, இப்பத்தான் மறுபடி புடிக்கீக.”

மறுநாள் நாலு பேரிடம் விசாரித்துவிடலாம் என்று கிளம்பினார். முதலில் போனது லாரி முதலாளி வளனிடம். அவர் வண்டிகள் எல்லாம் பாயிடம்தான் போகும்.

“பாய் ரேட்டு எப்படிவே? நியாயமா இருக்குமா?”

“எனக்கு ஸ்பெஷல் ரேட்டு,” என்று வளன் பெருமையாகக் கையை நீட்டிக் காட்டினார். வருசக்கணக்காக ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. அம்மிக்கல் மாதிரி அசையாமல் நின்றது. “இந்தக் கையைத் தொட்டதும் அவரு பேச்சே தனி. எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீரும். வெளிய சொன்னா பாய் வருத்தப்படுவாரு.”

அடுத்து, டாக்டர் வீட்டு டிரைவர் மாசானத்தை டீக்கடையில் பிடித்தார்.

“எனக்குத் தெரியாத விரல் கணக்கா? துண்டை எடும். பாய் புடிச்ச மாதிரியே புடியும்,” என்றான் மாசானம்.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நல்லக்கண்ணு பிடித்தார். மாசானம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று கண்ணைத் திறந்தான்.

“வே! இந்தத் தொகைக்கு இன்னொரு காரே வாங்கிரலாமே!”

“ஐயோ, எவ்வளவு வே?”

“அதை வாயால சொல்லப்படாது. நாளைக்குப் போயி சுண்டுவிரலை விட்டுட்டுக் கட்டைவிரலைப் புடியும். பாதியா இறங்கிரும்.”

மறுநாள் காலையிலேயே நல்லக்கண்ணு துண்டுக்குள் கையை விட்டுவிட்டார். பாயின் கட்டைவிரலைத் தேடிப் பிடித்தார். தன் கை நடுங்கிய நடுக்கத்தில் துண்டு காற்றடித்த பாய்மரச் சீலை போல் படபடத்தது.

பாய் கையை விடவில்லை. நல்லக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, வீட்ல யாருக்காவது மேலுக்குச் சுகமில்லையா?”

“அதெல்லாம் இல்ல பாய். மவ உண்டாயிருக்கா. வெள்ளிக்கிழமை குலசையில இருந்து கூட்டியாரணும்.”

பாய் கையை விட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்தார். “அப்படின்னா இஞ்சினையே இறக்கிப் பாத்துருதேன். புள்ளத்தாச்சியோட வழியில நின்னுரக்கூடாது.”

நல்லக்கண்ணுவுக்குக் காது அடைத்துப் போனது. கட்டைவிரலைப் பிடித்தால் இஞ்சின் இறங்கும் என்று மாசானம் சொல்லவில்லையே! வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. விரலைப் பிடித்தது அவரே.

சாயங்காலம் மறுபடியும் ஓடினார். இஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படியாவது குறைக்க வேண்டும் என்று இந்தத் தடவை மூன்று விரல்களைப் பிடித்துப் பார்த்தார். இப்போது தோள் வரைக்கும் நடுங்கியது.

பாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையாட்டினார். போய்ப் பின் சீட்டையும் கழற்றினார்.

அதற்குப் பிறகு நல்லக்கண்ணு அந்தப் பக்கம் போகவில்லை. இன்னும் ஒரு விரலைத் தொட்டால் நாலு கதவும் கழன்று வந்துவிடும் என்று பயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசில் வாங்கிய முன்பணத்தை மடியில் கட்டிக்கொண்டார். சங்கரம்மாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இது எதுக்குளா?”

“எவ்வளவுன்னு தெரிஞ்சா அளவா எடுத்துட்டுப் போவலாம். தெரியலைல்லா. நடங்க, நானும் வாரேன்.”

பாயின் வீடும் ஒர்க்‌ஷாப்பும் ஒரே வளவுக்குள் இருந்தன. வேப்பமரத்து நிழலில் கார் கழுவித் துடைத்து நின்றது. பாய் சாவியைத் திருப்பினார். வண்டி இருமவில்லை. வயிறு நிறைந்த பூனை மாதிரி மெதுவாகச் சத்தம் போட்டது.

பின் சீட்டில் புதுசாக இலவம்பஞ்சு அடைத்து, நீலக் கட்டம் போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது. முதுகுக்கு இரண்டு தலையணை வேறு.

“பல்கீஸ் தச்சா,” என்றார் பாய். வீட்டு வாசல் கதவோரம் அவர் மனைவி பல்கீஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

இதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டதே என்று நல்லக்கண்ணு தலையணைகளை எண்ணிப் பார்த்தார். மடியை அவிழ்த்தார்.

“எவ்வளவு பாய்?”

“அதான் பேசினோமே அண்ணாச்சி.”

“பேசினோம். நீங்க சொல்லுங்க.”

“நீங்க சொன்னதுதான்.”

“நான் எங்க சொன்னேன்? நீங்க சொன்னதுக்குச் சரின்னேன்.”

“பெறகு வந்து மாத்தினது நீங்கதானே?”

“மாத்தினேன். ஆனா எவ்வளவுக்கு மாத்தினேன்?”

“நீங்க தரகரு மவன். உங்களுக்குத் தெரியாததா?”

“நீங்க யாவாரி மவன். உங்களுக்குத் தெரியாததா?”

இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. பாய் கையில் இருந்த கிரீஸ் துணியால் நெற்றியைத் துடைத்து, முகம் முழுவதும் கருப்பாக்கிக்கொண்டார். சூரியன் உப்பளத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ‘நீங்க சொல்லுங்க’, ‘நீங்க சொல்லுங்க’ என்று மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சங்கரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சங்கிலியைக் காரின் பானெட்டில் வைத்தாள்.

“பாய், இவுகளுக்கு விரல் கணக்கு ஒரு மண்ணும் தெரியாது. எங்க மாமா தரகு பாக்கலை, தரகருக்குக் குடை புடிச்சாக. எவ்வளவுன்னு வாயால சொல்லிருங்க. பத்தலைன்னா இதை வச்சுக்கிடுங்க. எம்மவ நாளைக்கு வீட்டுக்கு வரணும்.”

நல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். கார் தன்னை ஏற்றிவிட்டு இப்படியே கடலுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

ஆனால் பாய் கோபப்படவில்லை. கீழே கிடந்த டயரில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“யா அல்லாஹ்! இதை முதல்லயே சொல்லியிருக்கப்படாதா அண்ணாச்சி? நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை.”

“உங்களுக்கு எதுக்கு பாய் சோறு இறங்கலை?”

பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பல்கீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். பானெட்டில் கிடந்த சங்கிலியை எடுத்து சங்கரம்மாள் கழுத்தில் அவளே மாட்டிவிட்டாள்.

“இவுகளுக்கும்தான் அந்தக் கணக்கு தெரியாதே அக்கா! இவுக வாப்பா சொல்லிக்குடுக்கதுக்கு முன்னாலயே மவுத்தாயிட்டாக. வேலை முடிஞ்சதும் இவுகளா ஒரு தொகையைச் சொல்லி, ‘நாம பேசினது இதுதானே’ன்னு கேப்பாக. ஊரே ஆமாம்னு தலையாட்டிக் குடுத்துட்டுப் போவுது. கணக்கு தெரிஞ்ச ஆளுன்னு அண்ணாச்சி வந்து நின்னதும் பயந்து போயிட்டாக.”

நல்லக்கண்ணு பாயைப் பார்த்தார். துண்டு லேசாகக் குலுங்கியது.

“பெறகு எதுக்குத் தாயி இவ்வளவு பாடு? கணக்கே தெரியாம எதுக்கு எல்லார் கையையும் புடிக்காரு?” என்று கேட்டாள் சங்கரம்மாள்.

“நடுங்குதா இல்லையான்னு பாக்கத்தான் அக்கா. நடுங்காத கைன்னா முழு விலை வாங்குவாக, நடுங்குனா பாதி,” என்றாள் பல்கீஸ். “அண்ணாச்சி கை நடுங்குன நடுக்கத்துக்கு நாங்கல்லா உங்களுக்குக் காசு தரணும்!”