விமானத்தில் நாற்றமே இல்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் பத்திரமாக வீடு வந்து சேர்ந்து, மனநிறைவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்களாக. அங்கே தங்கியிருந்தவரை என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டீர்கள், அதை மறக்கமாட்டேன். கிளம்பும்போது நீங்கள், இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், எங்களோடு வந்துவிடுங்கள், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது என்றீர்கள். யோசித்து எழுதுகிறேன் என்றேன். யோசித்துவிட்டேன், வருவதாக இல்லை. உங்கள் மாமியார் போன பிறகும் சமையல், துணி, வீடு எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். வயதாகிவிட்டதே தவிர, கண், காது, மூக்கு எதுவும் என்னைக் கைவிடவில்லை. திரும்பி வந்த விமானத்தில் நடந்ததைக் கேட்டால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில், பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பல் டாக்டர் பத்திரிகையை மடித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பதுபோல என்னை ஒரு பார்வை வேறு. முன்வரிசை அம்மாள் இருமினார். ஒரு பணிப்பெண் சிரித்த முகமாக நடந்து வந்தாள். சிரிப்பு உதட்டோடு சரி, மூக்கு மட்டும் விடைத்து விடைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது. என் இருக்கை கடைசிக்கு முந்தினது, பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் காதில் விழுந்தது. தலைமைப் பணிப்பெண், கொண்டையும் கண்டிப்புமான ஒரு நடுவயது அம்மாள், தன் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என்ன வாடை என்று தனித்தனியாகக் கேட்டாள். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழக்கூடாதாம், விழுந்தால் அதையே அவரும் சொல்லிவிடுவாராம். ஒருத்தி ஈரக் காலுறை என்றாள். இன்னொருவன் சுட்ட எண்ணெய் என்றான். அப்புறம் விமானத்தின் முன்கோடியிலிருந்து ஒருத்தியை வரவழைத்தார்கள். பின்னால் இருப்பவர்களின் மூக்கு அதற்குள் பழகிப்போயிருக்கும், புது மூக்கு வேண்டும் என்றுதான். அவள் திரையை விலக்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன், மாப்பிள்ளை. ஒன்றுமே இல்லை. சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்த்தே தலை நரைத்தவன் நான், கலவையில் எலுமிச்சை ஒரு சொட்டுக் கூடினாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன், மூக்கர் என்றால்தான் அங்கே என்னைத் தெரியும். எனக்கு வராத வாடை இவர்களுக்கு எங்கிருந்து வரும்?

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. அடுப்புகளையெல்லாம் அணைத்தார்கள். ஒருத்தி கழிப்பறைக் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். ஒருவன் எங்காவது சுடுகிறதா என்று சுவரைப் புறங்கையால் தடவிக்கொண்டே வந்தான், தூங்குகிற ஆளை எழுப்பாமல் ஜுரம் பார்க்கிற மாதிரி. ஈரத் துண்டுகளைக் கொடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விமானி பேசியபோது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவர் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பேசினார் என்று பிறகுதான் தெரிந்தது. முன்னாலிருந்து வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்துகொண்டே வந்தன. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடந்து வருகிறது, அது எல்லோர் தோளையும் தொடுகிறது, என் வரிசைக்கும் வந்தது, பல் டாக்டரைத் தொட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அத்தனை பேர் முகத்தை மூடிக்கொண்டிருக்க, நடுவில் நான் ஒருவன் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். பயந்துவிட்டேன், மாப்பிள்ளை. வாடையை நினைத்து அல்ல, இவர்களைப் பார்த்துத்தான்.

பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்று, நான் இன்னார், இன்ன வேலை பார்த்தவன், இந்த விமானத்தில் நாற்றமே இல்லை, துண்டை எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று உரக்கச் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, நாலைந்து வரிசை துண்டை இறக்கிவிட்டது. கொண்டை அம்மாள் ஓடி வந்து அவர்களை மறுபடி மூடச் சொல்லிவிட்டு, என்னை உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். மூக்குக்குப் பக்கத்தில் எதையோ பிடித்தாள். கன்னத்தில் ஆவி பட்டது.

"என்னன்னு சொல்லுங்க, ஐயா."

"வெந்நீர்."

கண்ணைத் திறந்தபோது அவள் கோப்பையைக் கையால் மூடியிருந்தாள், விளிம்பில் மட்டும் காப்பிக் கறை. பல் டாக்டர் துண்டுக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். "உங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னாலும் இதை வெச்சுக்குங்க, ஐயா. எனக்காக." இறங்கும்வரை என் பக்கத்தில் ஓர் ஆளையும் நிறுத்திவைத்தாள். என் அனுபவத்துக்குக் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வழியிலேயே வேறோர் ஊரில் இறக்கினார்கள், தீயணைப்பு வண்டிகள் காத்திருந்தன. இன்ஜின் எண்ணெய் கசிந்து உள்ளே வரும் காற்றில் கலந்துவிட்டது என்றார் பொறியாளர். அவரும் பாவம், ஏதாவது சொல்லத்தானே வேண்டும். பல் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள் என்றார். அவரிடம் போகிறவர்கள் நிலைமையை நினைத்துக்கொண்டேன். ஆக, ஒரு விமானமே குழம்பி நின்றபோது நிதானமாக இருந்தவன் நான் ஒருவன்தான். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள், உங்கள் பெற்றோருக்கு என் வணக்கம். எல்லோரும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன் என்று எதிர்வீட்டு நர்ஸ் வந்தார். வாசலைத் தாண்டவில்லை. "உள்ள என்னமோ செத்துக் கெடக்குது, ஐயா. எப்படி இருக்கீங்க இதுக்குள்ள?" என்றார். எலி கூட இல்லை, சுத்தமான வீடு என்றேன். அவர் மூக்கை மூடிக்கொண்டு வந்து கட்டிலை நகர்த்தினார். ஒரு பூனை. நான் ஊரில் இல்லாதபோது ஜன்னல் வழியாக வந்திருக்கும். எந்த நிலையில் கிடந்தது என்று எழுத மாட்டேன். வந்த நாளிலிருந்து அதன் மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

அவர் போனதும் பெட்டியிலிருந்து உங்கள் மாமியாரின் சால்வையை எடுத்தேன். அவள் மணம் போய்விடுமே என்று இத்தனை நாளும் பிரிக்காமல் வைத்திருந்தது. முகத்தோடு அழுத்தி மூச்சை இழுத்துப் பார்த்தேன். வெறும் துணி. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள், மாப்பிள்ளை, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாடி அறை வேண்டாம், உங்கள் குரல் கேட்கிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள். வரும்போது என் மகளையும் கூட்டி வாருங்கள். சால்வையில் அவள் அம்மா மணம் இன்னும் இருக்கிறதா என்று அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.