சீட்டில்லாத வட்டு

கொட்டகை அலமாரிக்கு அடியிலிருந்த தட்டில் ஒரு வட்டு சீட்டில்லாமல் கிடந்தது. அகழாய்வுப் பதிவாளன் தட்டைத் தூக்கி அடியிலும் தேடிப் பார்த்தான்.

உள்ளங்கைக்குள் அடங்கும் சுடுமண் வட்டு. நடுவில் துளை, ஓரத்தில் மூன்று கீறல். எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எவ்வளவு ஆழம் என்று எழுதிய சீட்டு இல்லாவிட்டால், இரண்டாயிரம் வருஷத்துச் சாமானும் வெறும் ஓட்டாஞ்சில்லுதான். போன மாதம் இரண்டு சீட்டைத் தொலைத்தபோதே இயக்குநர் சொல்லிவிட்டார்: "இன்னொண்ணு இப்படி வந்துச்சுன்னா, மூட்டையைக் கட்டிடு."

தோண்டுகிற ஆட்களைக் கேட்டான். ஒருவன் முதல் குழி என்றான். இன்னொருவன் இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்தான். மூன்றாமவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வேலை போனால் கவலைப்படாதே, மண் சுமக்க ஆள் குறைகிறது என்று ஆறுதல் சொன்னான்.

கொட்டகை வாசலில் பானை ஓடு கழுவும் அக்காதான் வழி காட்டினாள். "திரும்பக் குழியில வச்சு, இப்பத்தான் கிடைச்ச மாதிரி எடுத்துருங்க சார். நாலாம் குழி, மூணாவது அடுக்கு. மண்ணு தோதா இருக்கும்."

வைத்து மூடினான். மூடிய இடம் மட்டும் புது மண்ணாகப் பல்லிளித்தது. தண்ணீர் தெளித்தான், சேறாகிப்போனது. பதிவேட்டால் விசிறிக் காயவைத்துக் கொண்டிருந்தபோது தலைக்கு மேலே இயக்குநரின் செருப்பு தெரிந்தது.

என்னமோ தெரியுதே என்று அவரே இறங்கினார். தூரிகையை வாங்கி அவரே மண்ணைத் தள்ளினார். அளவுகோல் வைத்து, வடக்கு பார்த்து அம்புக்குறி வைத்து, பதினெட்டுப் படம் எடுத்தார். ஆறு மாதமாகச் சிரிக்காத மனுஷன் சிரித்தார்.

"போன வருஷம் பக்கத்துக் குழியில, இதே அடுக்குல ஒண்ணு கிடைச்சுதுய்யா. இதே மூணு கீறல். ஒண்ணுன்னா தற்செயல்னு தள்ளிருவாங்க. ரெண்டுன்னா ஆதாரம்."

மற்றக் குழிகளில் வேலையை நிறுத்தி அத்தனை பேரையும் நாலாம் குழிக்குத் திருப்பினார். பதிவாளனின் வேலையை நிரந்தரமாக்க அன்றைக்கே எழுதுவதாகச் சொன்னார். கடைசியாக, போன வருஷத்து வட்டை எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம்.

கொட்டகையில் மேல் அலமாரியிலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினான். அடி மூலையை எலி கடித்து ஓட்டை போட்டிருந்தது. உள்ளே சீட்டு மட்டும் இருந்தது. அறுந்த நூலோடு.

சீட்டோடு வாசலுக்கு வந்தான். "அக்கா, போன வருஷத்து வட்டைக் காணோம்."

அவள் ஓடு தேய்க்கிற கையை நிறுத்தவில்லை.

"அதைத்தான சார் காலையில புதைச்சீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்த சாரும் இதுக்குச் சீட்டில்லாம முழிச்சப்ப, மூணாவது அடுக்குலதான் வைக்கச் சொன்னேன்."