கூடைக்குக் கீழே ஜெனிற்றா

"எங்கடை பிள்ளை ஏன் அங்கை போய் நிக்கிறாள்?"

ஸ்ரனிஸ்லாஸ் இதை இரண்டாவது தடவையாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த மனைவி மேரிறோஸ் இந்த முறையும் காதில் விழாதமாதிரி இருந்தாள்.

பாரிசில், ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்து உள்ளரங்கில் கூடைப்பந்துப் பயிற்சி ஆட்டம். மகள் ஜெனிற்றா பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினாள், ஒரு கணம் நின்று பார்த்தாள், அணியிலேயே கட்டையான பிள்ளைக்கு எறிந்தாள். அந்தப் பிள்ளை உள்ளே புகுந்து கூடையில் போட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். ஸ்ரனிஸ்லாசுக்கு வயிறு எரிந்தது.

"கதவு நிலையிலை தலை முட்டுற உயரம் இவள். பந்தைக் காவிக்கொண்டு வந்து கட்டையளுக்குப் பரிமாறுறாள். இதென்ன, கலியாண வீட்டுப் பந்தியே?"

"கோச்சுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமாக்கும்."

தெரியும் என்றுதான் அவர் நினைத்தார். இன்று தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தொலைபேசிக் கடை வைத்திருந்தாலும், ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர். அப்போதெல்லாம் நெட்டையன் கூடைக்குக் கீழே நிற்பான், கட்டையன் பந்தைக் கொண்டுவருவான். ஸ்ரனிஸ்லாஸ் கட்டை. கொண்டுவந்து கொடுத்தே அவருடைய காலம் போனது. கூடையில் போட்டவனின் பெயரைத்தான் ஊர் சொன்னது. மகள் வளர வளர, தன் வீட்டிலிருந்தும் ஒருத்தி கூடைக்குக் கீழே நிற்கப்போகிறாள் என்று மனதுக்குள் பூரித்திருந்தார்.

பிராந்திய அணிக்கான தெரிவு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பாரிசுக்கு வெளியே உள்ள எபினே ஊர்ப் பிள்ளைகளோடு நடக்கும் ஆட்டத்தைப் பார்த்து ஒருத்தியை எடுப்பார்கள். அந்த இடத்துக்காக ஜெனிற்றா இரண்டு வருடமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளே ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு கோச் ரோசாலியிடம் போய் நின்றார். ரோசாலி ஒன்றை ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாக விளக்கினாள்.

"முசியே, இப்போது யாரையும் ஓர் இடத்தில் கட்டிப்போடுவதில்லை. உயரமானவள் பந்தைக் கொண்டுவருவாள், கட்டையானவள் உள்ளே புகுவாள், அடுத்த நிமிடம் மாறிக்கொள்வார்கள். யார் எங்கே போவார் என்று எதிரணிக்குத் தெரியக்கூடாது. இடைவெளி எங்கே என்று பார்க்கிற கண் உங்கள் மகளுக்கு இருக்கிறது."

"எல்லாரும் எல்லா வேலையும் செய்தால் கடை எப்பிடி ஓடும், மடாம்?"

அவருடைய நச்சரிப்புத் தாங்காமல் ரோசாலி ஓர் ஆட்டத்துக்கு மட்டும் சம்மதித்தாள். ஜெனிற்றா கூடைக்குக் கீழே நின்றாள். இரண்டு முரட்டுப் பிள்ளைகள் அவளை நடுவில் வைத்து நசுக்கினார்கள். பந்து அவளிடம் வரவேயில்லை, ஏனென்றால் ஒழுங்காகக் கொண்டுவரத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

ஸ்ரனிஸ்லாஸ் அசரவில்லை. "பந்தையும் நீயே கொண்டு வா. குடுத்துப்போட்டு ஓடிப்போய்க் கீழை நில்," என்றார். அடுத்த ஆட்டத்தில் அவள் அப்படி ஓடி, தன் அணிப் பிள்ளையோடேயே மோதி விழுந்தாள். முழங்காலில் ஐஸ் வைத்தபடி, வழக்கம்போலப் பிரெஞ்சில் கேட்டாள்:

"பாப்பா, இப்போது நான் எங்கே நிற்கவேண்டும்?"

அந்தக் கேள்வியோடாவது அவர் வாயை மூடியிருக்கலாம். தன் கண்ணின் மேலேயே மகளுக்கு நம்பிக்கை போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை.

"நீ ஒண்டும் யோசியாதை. நான் மேலை இருந்து பாத்துச் சொல்லுறன். தமிழிலை சொல்லுவன். உதுக்கை ஆருக்கு விளங்கப்போகுது?"

"எபினேயிலையும் எங்கடை சனம் கிடக்கு," என்றாள் மேரிறோஸ்.

அது நியாயம்தான். ஆகவே தெரிவு நாளன்று அவர் முன்கூட்டியே போனார். எதிரணிப் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், முதுகில் இருந்த பெயர்களை வாசித்தார். அவர்களின் பெற்றோர் இருந்த வரிசையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தமிழ் முகம் ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய கோச் ஆபிரிக்காவின் மாலி நாட்டுக்காரர் என்று ரோசாலி அறிமுகப்படுத்திவைத்தாள். அவருக்கும் கைகொடுத்து ஒரு போன்சூர் சொல்லிவிட்டு, நிம்மதியாக வந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது.

"வலப்பக்கத்தாலை போ, பிள்ளை!"

வலப்பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள்.

"பின்னாலை குடு!"

பின்னால் நின்ற எபினேக்காரி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

"போற மாதிரிக் காட்டிப்போட்டு எறி!"

காட்டியபோது ஒருத்தியும் ஏமாறவில்லை. எறிந்தபோது மூன்று கைகள் எழும்பின. ரோசாலி தலையில் கைவைத்தாள். ஸ்ரனிஸ்லாஸ் குரல் கம்மக் கம்மக் கத்தினார். அந்தப் பக்கத்துக் கோச்சும் சளைக்காமல் பிரெஞ்சில் கத்தினார்.

ஆட்டம் முடிந்ததும் தெரிவாளர்கள் எபினேப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார்கள்.

ஜெனிற்றா மெல்லப் படியேறி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"அப்பா, நான் போக முன்னமே அவையள் அங்கை நிக்கினம்."

"நீ கொஞ்சம் பிந்தீட்டாய், பிள்ளை."

சொன்ன பிறகுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அந்தச் சொல்லைத் திரும்ப விழுங்க வழியிருந்தால் அங்கேயே விழுங்கியிருப்பார்.

"ஓம், நான் பிந்தித்தான் போறன்," என்று அவள் சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். "எனக்கு இனி இது வேண்டாம்."

மேரிறோஸ் அவரைப் பார்க்காமல் மகளின் முதுகைத் தடவினாள். ரோசாலியின் பேச்சைக் கேட்டிருக்கலாம், வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று அவருடைய மனம் அடித்துக்கொண்டது. பிள்ளை கேட்டது ஓர் இடம். அதைத் தன் ஆசைக்காகத் தானே கெடுத்துவிட்டோமோ, அல்லது அவளுக்கு உண்மையிலேயே வேகம் போதாதோ என்று தெரியாமல் தவித்தார்.

அப்போது எபினே அணியின் கோச் படியேறி வந்தார். ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து, வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு மெர்சி சொல்ல வாயெடுத்தார். அந்த மாலிக்காரர் ஜெனிற்றாவைக் கவலையோடு பார்த்துவிட்டு, அவருடைய தோளில் கைவைத்தார்.

"பிள்ளையை ஏசாதேங்கோ அண்ணை, அவள் பிந்தேல்லை, நான் லூயி-பிளாங்கிலை உங்கடை ஆக்களின்ரை கடையிலை கனகாலம் கொத்துரொட்டி போட்டனான், நீங்கள் கத்தினதை எல்லாம் உடனுக்குடனை என்ரை பிள்ளையளுக்குப் பிரெஞ்சிலை சொல்லிக்கொண்டிருந்தனான்."