எட்டிப்பாறையில் ஏற்றிய கல்வி தீபம்

பெண் கல்வியின் வரலாற்றை நாளை எழுதப்போகிறவர்கள், அதை 'விருத்தாசலத்துக்கு முன்', 'விருத்தாசலத்துக்குப் பின்' என்று இரண்டாகப் பிரித்தே தீர வேண்டும். எங்கள் ஊருக்குப் பழமலை என்று இன்னொரு பெயர் உண்டு. ஆனால் ஏறுவதற்கு ஒரு மலை கிடையாது. அந்தக் குறையைப் போக்கவே 'மலைமகள் கல்வி மலர்ச்சிக் கழகம்' பிறந்தது. அதன் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு எழுதுகிறேன்.

கழகத் தலைவர் பூபாலன் பீங்கான் தொழிற்பேட்டையில் சொந்தமாகச் சூளை வைத்திருப்பவர். முதல் கூட்டத்தில் அவர் மேசையைத் தட்டிக் கேட்டார்.

"மலையில பொம்பளப் புள்ளைங்க எட்டாவதோட நின்னுடுதுங்களாம். ஏன்? யாராவது சொல்லுங்க."

மகளிர் அணித் தலைவி பானுமதி கையைத் தூக்கினார். "ஸ்கூல்ல கக்கூசு இல்லாததாலன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம கோடவுன்ல கக்கூசு கோப்பை கெடக்குதே!"

உலகத்தின் துயரமும் ஒரு மனிதரின் கோடவுனும் இவ்வளவு பொருத்தமாக அமைந்ததை நான் அதுவரை கண்டதில்லை. சூளையில் லேசாக நெளிந்துபோய், வியாபாரிகளால் 'புரிந்துகொள்ளப்படாத' ரோஸ் நிறக் கோப்பை அது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிறகு போண்டா வந்தது. அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

எங்கே கொடுப்பது என்று பார்க்கக் கல்வராயன் மலைக்குப் போனோம். எட்டிப்பாறை என்ற ஊர் எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. செல்போனில் டவர் இல்லை. அவ்வளவு பின்தங்கிய ஊர் சுலபத்தில் கிடைக்காது. அங்கிருந்த நடுநிலைப்பள்ளி வாசலில் தங்கம்மாள் என்ற பெண்மணி எங்களுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் ஆதிலட்சுமி.

"எம் பொண்ணு எட்டாவது முடிச்சிட்டாங்க," என்றார் தங்கம்மாள். "ஒம்பதாவதுக்குக் கீழ போவணும். அங்க ஆஸ்டல்ல எடம் இருக்குதாம். பதினஞ்சாந்தேதி கடைசி நாளு. அன்னிக்கு உங்க வண்டில எங்கள எறக்கி வுட்டீங்கன்னா போதுங்க."

"பதினஞ்சா?" தலைவர் துள்ளினார். "அன்னிக்குத்தாங்க எம் பொறந்த நாளு! அன்னிக்கே தொறப்பு விழாவ வெச்சிடுவோம்!"

ஒரு தாயின் கோரிக்கை இவ்வளவு விரைவாக ஏற்கப்பட்டது எனக்கே பெருமையாக இருந்தது. தங்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாங்கள் கைதட்டிவிட்டோம்.

பதினைந்தாம் தேதிக்கு முன்தினம் மழை. எங்கள் சுமோ மலையடிவாரத்துச் சேற்றில் அமர்ந்துகொண்டது. எட்டிப்பாறைக்கு ஏறி இறங்கும் ஒரே வண்டி காத்தவராயனின் ஜீப்தான். அதை நாள் முழுக்கப் பேசி முடித்தோம். முதல் நடையில், முன்பே கட்டி முடித்திருந்த அறையில் பொருத்தக் கோப்பையும் கொத்தனாரும், இரண்டாவதில் நாற்காலிகள், மூன்றாவதில் தலைவரின் உருவம் போட்ட பேனர், அதன் பிறகு தலைவர்.

ஒவ்வொரு நடையும் இறங்கும்போது தங்கம்மாளும் மகளும் ஜீப்பை மறித்தார்கள். ஆதிலட்சுமி துவைத்து மடித்த சீருடை போட்டிருந்தாள். சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு பிடித்திருந்தாள்.

"எறங்கறப்ப காலியாத்தான போறீங்க? ஏத்திக்குங்கண்ணே," என்றாள்.

"ஏத்துவேன் பாப்பா. மேல அவங்க அவசரமா நிக்கிறாங்க. உங்க ஆஸ்டலு வரைக்கும் போனா நான் திரும்பி வர பொழுது சாஞ்சிடும்," என்றான் காத்தவராயன்.

விழா இனிதே தொடங்கியது. தலைமையாசிரியர் சிங்காரவேல் வரவேற்றார். ரிப்பனை வெட்டிய தலைவர், அன்பளிப்பின் தரத்தைத் தாமே பரிசோதிக்க விரும்பி உள்ளே சென்றார். மலைப்பாதையும் காலை உணவும் அவரை அந்த முடிவுக்கு உந்தியிருக்கலாம். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"தண்ணி!"

அப்போதுதான் ஒரு சிறு விஷயம் தெரிந்தது. பள்ளியில் குழாய் இல்லை. ஓடை பள்ளத்தில் இருக்கிறது.

"பெரிய பொண்ணுங்கல்லாம் குடத்த எடுங்க!" என்று சிங்காரவேல் கத்தினார். ஆதிலட்சுமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நனைந்துவிடக் கூடாதென்று உறையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவள் ஓடையை நோக்கி ஓடினாள்.

"இன்னும் ரெண்டு கொடம்!" என்றார் தலைவர் உள்ளிருந்து.

தங்கம்மாள் என்னிடம் வந்தார். "சார், சாயங்காலத்துக்குள்ள போவலன்னா எடம் போயிடும். ஜீப்ப ஒரு நடை வுடச் சொல்லுங்க சார்." அந்த உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, போட்டோவுல வுழுறீங்க," என்றேன். விழாவின் கண்ணியத்தைக் காப்பது செயலாளரின் கடமை.

நாற்காலிகளையும் எங்களையும் இறக்கிவிட்டு ஜீப் திரும்பியபோது இருட்டிவிட்டது. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் 'மலைமகளுக்கு விடியல்' என்று படம் வந்தது. குடத்தோடு ஆதிலட்சுமி ஓரமாகத் தெரிந்தாள். மிக இயல்பான படம்.

அடுத்த ஆண்டு தலைவரின் பிறந்த நாளில் மீண்டும் போனோம். அதே ஜீப். கழிப்பறை புத்தம் புதிதாக இருந்தது. 'வெளியூர்ப் பெரியவர்களுக்காக' அதைப் பூட்டி வைத்திருப்பதாகச் சிங்காரவேல் சொன்னார். அவரும் பெரியவர்தான் என்பதால் சாவி அவரிடமே இருந்தது. மாணவிகள் வழக்கம்போல் புதருக்குப் போனார்கள்.

ஆதிலட்சுமியும் அங்கேதான் இருந்தாள். விடுதியில் இடம் போனபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பள்ளிக்கே வந்தாளாம். எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ள சிங்காரவேல் பெரிய மனதோடு அனுமதித்திருந்தார். தினமும் கழிப்பறைத் தொட்டியை நிரப்பினால் போதும். முடித்த பாடத்தையே ஓராண்டாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தலைவர் அவளை மேடைக்கு அழைத்து மைக்கை நீட்டினார். "ஸ்கூலுக்கு ஒழுங்கா வர்றியாம்மா?"

"தெனமும் வரேங்க."

"கேட்டீங்களா! ஒரு நாளு கூட நிக்கல!" கைதட்டல் மலையில் எதிரொலித்தது. "இன்னும் என்ன வேணும், கூச்சப்படாம கேளு."

அவள் கீழே நின்ற ஜீப்பைப் பார்த்தாள். அதிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு மைக்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"இன்னிக்கும் ஆஸ்டலுக்குக் கடைசி நாளுங்க. அடுத்த வருசம் நீங்க யாரும் வராம இருந்தீங்கன்னா நான் ஒம்பதாவது சேந்துடுவேங்க."

மலைப்பெண்ணின் வெகுளிப் பேச்சில் உள்ளம் நெகிழ்ந்த நிர்வாகக் குழு, அந்த மேடையிலேயே கூடி, இனி ஆண்டுக்கு இருமுறை எட்டிப்பாறைக்கு வருவதென ஏகமனதாகத் தீர்மானித்தது.